கட்டிய பிரீமியம் வீணா?

"கார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியாகிவிட்டது. சின்னக் கீறலுக்கும் க்ளெய்ம் போடு, இல்லையென்றால் பணம் வீண்." நண்பர்களும் சொல்கிறார்கள், ஒர்க்‌ஷாப்பிலும் சொல்கிறார்கள். தவறு.

1. காப்பீடு சேமிப்புக் கணக்கல்ல. விபத்தே நேராத ஆண்டிலும் அது காவல் காத்தது. வீட்டுக்குத் திருடன் வரவில்லை என்பதால் பூட்டு வாங்கிய காசு வீணா?

2. கணக்குப் போடுங்கள். பம்பர் விலை 6,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம்; மிச்சம் 3,000. 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 2,000.

3. இழப்பது என்ன? க்ளெய்ம் இல்லாத ஐந்து ஆண்டுகளில் நோ க்ளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20 சதவீதத்திலிருந்து 50 வரை ஏறும். ஒரே க்ளெய்மில் பூஜ்யம். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 என்றால், அடுத்த ஆண்டே 5,000 போச்சு. மீண்டும் 50-ஐ எட்ட இன்னும் ஐந்து ஆண்டுகள்.

4. "என்னிடம் ஜீரோ டெப் இணைப்பு இருக்கிறதே?" அது தேய்மானக் கழிவைத்தான் தடுக்கும். போனஸைக் காக்கத் தனி இணைப்பு வேண்டும். வாங்கினீர்களா?

5. பெரிய சேதமா? தயங்காமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் 2,000 ரூபாய்க்காக 5,000-ஐ விடுவது எந்த ஊர்ச் சிக்கனம்?