பில் கட்ட அழைத்துவிட்டுப் பறிப்பதா?

கரன்ட் பில், தண்ணீர்க் கட்டணம், கேஸ், செல்போன், இணையம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வீட்டு வாடகை. எந்தக் குடும்பமும் தள்ளிப்போட முடியாத செலவுகள் இவை. இவற்றையெல்லாம் செயலி வழியாகக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ரிவார்டு புள்ளிகள் சேரும், கேஷ்பேக் கிடைக்கும் என்று ஆசை காட்டி மக்களைப் பழக்கியவர்கள் வங்கிகளும் பில் கட்டும் செயலிகளும்தான். மக்கள் பழகினார்கள். உடனே புள்ளிகளுக்கு உச்சவரம்பு வந்தது. பல கார்டுகளில் புள்ளியே நின்றுபோனது. இப்போது பில் கட்டுவதற்கே தனிக் கட்டணம். இந்த நடைமுறையை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். இதைத் திருத்த வேண்டிய பொறுப்பு வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் இருக்கிறது. அவர்கள் தாமாகத் திருந்தாவிட்டால் திருத்த வைக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இருக்கிறது.

வாடகையின் கதையை எடுத்துக்கொள்வோம். கிரெட், பேடிஎம், போன்பே எனப் பல செயலிகள், வீட்டு உரிமையாளரின் வங்கிக் கணக்கை உள்ளிட்டால் போதும், கார்டிலிருந்து வாடகை போய்விடும் என்று கூவி அழைத்தன. வாடகைக்கும் புள்ளி உண்டு என்பதே அந்த அழைப்பின் உயிர். வாடகை என்ற பெயரில் நண்பரின் கணக்குக்கும் உறவினரின் கணக்குக்கும் பணம் அனுப்பிக் கடனை ரொக்கமாக மாற்றிக்கொள்ளச் சிலருக்கு இது வழியானது. அது தெரிந்த பிறகும் வாடகைதாரர் யார், உரிமையாளர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாட்டைச் செய்யாமல், வங்கிகள் கட்டணத்தைக் கையில் எடுத்தன. ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் வாடகைப் பரிவர்த்தனைக்கு 1 சதவீதம் வசூலித்தது. எஸ்பிஐ கார்டு 2022 நவம்பரில் 99 ரூபாய் வைத்தது. நான்கே மாதங்களில், 2023 மார்ச்சில், அது 199 ரூபாயானது. எச்டிஎஃப்சி வங்கி 2024 ஆகஸ்ட் 1 முதல் 1 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 3,000 ரூபாய் என்றது. இவை எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கடைசியில் 2025 செப்டம்பர் 15 அன்று ரிசர்வ் வங்கி, பணப் பட்டுவாடா நிறுவனம் தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகருக்கு மட்டுமே பணம் வாங்கித் தரலாம் என்று வரையறுத்தது. செயலிகளில் வாடகைச் சேவை மூடப்பட்டது. ஒழுங்காக மாதாமாதம் வாடகை கட்டி, மறு மாதமே கார்டு பாக்கியை முழுதாக அடைத்தவருக்கும் கதவு சாத்தப்பட்டது. யாரோ செய்த தில்லுமுல்லுக்கு மூன்றாண்டுகள் கட்டணம் செலுத்தியவர் அவர்தான்.

வாடகையோடு இது நிற்கவில்லை. 2024 மே 1 முதல் யெஸ் வங்கி 15,000 ரூபாய்க்கு மேலும், ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கி 20,000 ரூபாய்க்கு மேலும் மின்சாரம், எரிவாயு, இணையம் போன்ற பில்களைக் கட்டினால் 1 சதவீதம் என்றன. அதே ஆண்டில் எச்டிஎஃப்சி வங்கி 50,000 ரூபாய் வரம்பு வைத்தது. பில்களுக்கு மாதத்துக்கு 2,000 புள்ளிதான் என்றும் எல்லை கட்டியது. செயலிகளும் தங்கள் பங்கைக் கேட்டன. கூகுள் பே 2025 தொடக்கத்தில் கார்டு மூலம் கட்டும் பில்களுக்கு 0.5 முதல் 1 சதவீதம் வரை கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. ஒரே பில்லுக்குச் செயலிக்கு ஒரு கட்டணம், வங்கிக்கு ஒரு கட்டணம், இரண்டுக்கும் ஜிஎஸ்டி என்று ஒரே வீட்டிலிருந்து பல கைகள் பணம் எடுக்கும் நிலை இப்படித்தான் வந்தது.

இதில் சாமானியக் குடும்பத்துக்குக் கிடைப்பது என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரன்ட் பில் வருகிறது. ஒரு வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் 6,000 ரூபாய் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த வீட்டுக்காரரின் கார்டு 150 ரூபாய்க்கு 2 புள்ளி தருகிறது. ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. ஒரு பில்லுக்கு 80 புள்ளி, அதாவது 20 ரூபாய். ஆண்டுக்கு ஆறு பில். மொத்தம் 120 ரூபாய் சேர்கிறது. இந்தப் புள்ளியைப் பரிசுக் கூப்பனாக மாற்றப் போனால் பல கார்டுகளில் 99 ரூபாய் மீட்புக் கட்டணம், ஜிஎஸ்டி சேர்த்து 116 ரூபாய் 82 காசு. ஆண்டெல்லாம் கட்டியவர் கையில் மிஞ்சுவது 3 ரூபாய் 18 காசு. செயலி 1 சதவீதக் கட்டணமும் வாங்கியிருந்தால் ஒவ்வொரு பில்லுக்கும் ஜிஎஸ்டியோடு 70 ரூபாய் 80 காசு முன்கூட்டியே போயிருக்கும். ஆறு பில்லுக்கு 424 ரூபாய் 80 காசு. மூன்று ரூபாய்ச் சொச்சத்துக்காக நானூறு ரூபாய்க்கு மேல் இழந்த ஒருவரிடம் எந்த வங்கியாவது இந்தக் கணக்கை எழுதிக் காட்டியிருக்கிறதா? ஸ்டேட்மென்டில் புள்ளி எவ்வளவு என்று பெரிதாகப் போடுகிறார்கள். அதன் ரூபாய் மதிப்பைப் போடுவதில்லை. கட்டிய கட்டணங்களை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டிக் காட்டுவதும் இல்லை.

ஒரு பில்லைக் கட்டும் முன் அதற்குப் புள்ளி உண்டா இல்லையா என்பதே பலருக்குத் தெரிவதில்லை என்பது இன்னும் மோசம். கார்டு ஏற்கும் ஒவ்வொரு வணிகருக்கும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. மின்சாரம், எரிவாயு, தண்ணீர் வகையறாவுக்கு 4900. வாடகை தொடர்பான வீட்டுமனை முகவர்களுக்கு 6513. புள்ளி சேருமா, கட்டணம் விழுமா, ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கான செலவில் இது சேருமா என்று முடிவு செய்வது இந்தக் குறியீடுதான். வாடிக்கையாளரின் கண்ணில் இது படுவதே இல்லை. ஒரே கரன்ட் பில்லை மின்வாரியத்தின் தளத்தில் கட்டினால் ஒரு குறியீடும், ஒரு செயலியில் கட்டினால் வேறொரு குறியீடும் விழக்கூடும். புள்ளி வரவில்லையே என்று வங்கியைக் கேட்டால் வணிகர் வகையைக் காட்டுகிறார்கள். செயலியைக் கேட்டால் வங்கியைக் கை காட்டுகிறார்கள். தான் பார்க்கவே முடியாத ஓர் எண்ணுக்காக ஒருவர் தன் பணத்தை இழப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கட்டணத்தைக் காட்டும் விதத்தையும் சும்மா விட முடியாது. பில் எண்ணை அடித்து, தொகையைப் பார்த்து, கார்டைத் தேர்ந்தெடுத்து, கடைசிப் பொத்தானை அழுத்தப் போகும் வேளையில், வெளிறிய சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி தோன்றுகிறது: வசதிக் கட்டணம். முகப்பில் கேஷ்பேக் என்ற சொல்லுக்குக் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வகை உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே பட்டியலிட்டிருக்கிறது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து, கடைசிக் கட்டத்தில் சொட்டுச் சொட்டாக வெளிப்படுத்துவது அதில் ஒன்று. பில் கட்டும் செயலிகளுக்கு இந்த வழிகாட்டுதலில் விலக்கு ஏதும் இல்லை. கையில் சட்டம் இருக்க, ஆணையம் இந்தத் துறையைத் தானாக முன்வந்து விசாரிக்காவிட்டால் அது கடமை தவறுவதாகும்.

புள்ளி ஆசையின் மறுபக்கத்தில் வட்டி நிற்கிறது. கார்டில் கட்டிய பில் தொகையைக் கெடு தேதிக்குள் முழுதாக அடைக்க முடியாமல் போகிறவர்கள் பலர். அவர்களுக்கு வங்கி, மொத்தப் பாக்கியில் ஒரு சிறு பங்கைக் குறைந்தபட்சத் தொகை என்று காட்டுகிறது. அதைக் கட்டிவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறார்கள். மாதம் 3.75 சதவீதம் வரை வட்டி. ஆண்டுக்கு 45 சதவீதம். முன்பு சொன்ன அதே 6,000 ரூபாய் பில் ஒரு மாதம் நின்றால் வட்டி 225 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 40 ரூபாய் 50 காசு. ஒரு பில்லில் வந்த புள்ளியின் மதிப்பு 20 ரூபாய்தான் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டிக்கு மேல்வரம்பு வைக்கும் பொறுப்பும் இப்போது ரிசர்வ் வங்கியின் தலையில்தான். மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் செலவழித்த பணத்துக்கு 45 சதவீத வட்டி வாங்குவதை ஒரு நாகரிகமான வங்கித் துறை எப்படி ஏற்கிறது என்று கேட்கிறோம்.

வங்கிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. பில் வகைகளில் வணிகரிடமிருந்து வரும் கழிவு குறைவு. அதில் கிடைப்பதைவிடப் புள்ளிக்கு அதிகம் போகிறது. வணிக நிறுவனங்கள் தனிநபர் கார்டில் லட்சக்கணக்கில் கரன்ட் பில் கட்டிப் புள்ளி அள்ளுகின்றன என்பது அது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. லட்சங்களில் கட்டுபவருக்கு வரம்பு வைப்பதை நாம் எதிர்க்கவும் இல்லை. ஆனால் இந்தக் கழிவு விகிதம் நேற்று முளைத்ததல்ல. புள்ளி தருகிறோம் என்று விளம்பரம் செய்த அன்றும் அது வங்கிக்குத் தெரியும். தெரிந்தே அழைத்தார்கள், கார்டு எண்ணிக்கையைப் பெருக்கினார்கள், பழக்கம் வேரூன்றியதும் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள். பெருந்தொகைக்காரரைத் தடுக்க வந்த விதி, இரண்டு பில்லையும் வரியையும் சேர்த்துக் கட்டும் நடுத்தரக் குடும்பத்தையும் பிடிக்கிறது என்றால் விதி பிழையானது.

கார்டுகள் பற்றி ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட முதன்மை வழிகாட்டுதல் நல்ல ஆவணம். கட்டண மாற்றம் எதிர்காலத்துக்கு மட்டுமே பொருந்த வேண்டும், குறைந்தது ஒரு மாதம் முன்னறிவிப்பு வேண்டும், மாற்றம் பிடிக்காதவர் கூடுதல் செலவின்றிக் கார்டை ஒப்படைக்கலாம் என்கிறது. கார்டை மூடக் கேட்டு ஏழு வேலை நாளில் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்றும் சொல்கிறது. இதே கண்டிப்பு புள்ளிக்கும் வேண்டும். சேர்த்து வைத்த புள்ளியின் மதிப்பை ஒரு மின்னஞ்சலில் குறைத்துவிடுவது, நேற்று செய்த செலவின் விலையை இன்று மாற்றுவதற்குச் சமம். பழைய விதியில் சேர்ந்த புள்ளியைப் பழைய மதிப்பிலேயே மீட்க, மாற்றம் அறிவித்த நாளிலிருந்து ஓராண்டாவது அவகாசம் தர வேண்டும். மீட்புக் கட்டணம் என்பதை ஒழிக்க வேண்டும். வாடிக்கையாளருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்க அவரிடமே கூலி வாங்கக் கூடாது.

பில் தொகை திரையில் தோன்றும் முதல் இடத்திலேயே செயலிக் கட்டணம், வங்கிக் கட்டணம், ஜிஎஸ்டி மூன்றையும் ரூபாயில் கூட்டிக் காட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், இந்தப் பில்லுக்கு எத்தனை புள்ளி, அதன் ரூபாய் மதிப்பு என்ன என்பதும் இருக்க வேண்டும். தொழில்நுட்பம் இடம் தராது என்று யாரும் சொல்ல முடியாது. பாரத் கனெக்ட் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் பாரத் பில் பே அமைப்பின் வழியாக நாடு முழுவதும் உள்ள பில் தொகையை நொடியில் எடுத்துக் காட்டுகிறவர்களுக்கு, தங்கள் கட்டணத்தைக் காட்டுவது பெரிய வேலை இல்லை. இப்படிக் காட்டாமல் இதுவரை வசூலித்த கட்டணத்தைக் கேட்டு வருபவருக்குத் திருப்பித் தர வேண்டும். ஸ்டேட்மென்ட் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் கிடைக்க வேண்டும். இத்தனை விதியையும் ஆங்கிலப் பொடி எழுத்தில் அச்சிட்டுவிட்டு, படிக்காதது உங்கள் தவறு என்று சொல்ல எந்த வங்கிக்கும் உரிமை இல்லை.

வாசகர்களும் கேட்காமல் இருக்க வேண்டாம். வராத புள்ளிக்கும் சொல்லாமல் பிடித்த கட்டணத்துக்கும் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம், கட்டணம் எதுவும் இல்லை. செயலி கடைசித் திரையில் கட்டணம் காட்டியிருந்தால் அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பதிவு செய்யுங்கள். ரிசர்வ் வங்கியும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் இந்தப் புகார்களை ஒவ்வொன்றாகத் தீர்த்து மூடிவிடாமல், எந்த வங்கி, எந்தச் செயலி, எவ்வளவு கட்டணம் என்று தொகுத்துப் பொதுவெளியில் வைக்க வேண்டும். புள்ளி பற்றிய விதியை முதன்மை வழிகாட்டுதலில் சேர்க்கும் திருத்தத்தை ரிசர்வ் வங்கி இந்த நிதியாண்டுக்குள் வெளியிட வேண்டும்.