மரத்துக்கு நூற்றாண்டு விழா, மக்களுக்கு?

மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. நடச் செய்தவர் ஆன்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. பின்னர் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் அவர் பெற்றார். 2017இல் செம்பனைத் தொழில் தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது அவர் பெயர் மறுபடியும் பேசப்பட்டது. அந்தக் கன்றுகளுக்குக் குழி வெட்டிய தொழிலாளர்களின் பெயர்களோ பொதுவில் எவருக்கும் தெரியாது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அவர்களைப் பதிந்தது சம்பளக் கணக்குக்காகத்தான். கணக்கு முடிந்ததும் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

வட சிலாங்கூரின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. புக்கிட் மெலாவாத்தி ஏறும் பயணிக்கு 1784இல் டச்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்த கதையும் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கமும் கிடைக்கின்றன. கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி, சுங்கை புரோங்கிலும் செக்கிஞ்சானிலும் 1930களின் நீர்ப்பாசனத் திட்டம் தந்த பச்சை வயல். சுற்றுலாப் படங்களுக்கு இவை போதும். ஆனால் கடலோர வயலைத் தாண்டி உள்ளே போனால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பழையவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா என்று நீளும் தோட்டப்புறம், இரண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களின் ஊர். அந்த ஊர்தான் இப்போது புறநகராகிக்கொண்டிருக்கிறது.

கோலாலம்பூர்–கோலசிலாங்கூர் நெடுஞ்சாலை 2011இல் திறந்தபின் வேகம் கூடியது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை, செம்பனை நின்ற இடத்தில் வரிசை வீடுகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து வெளியேறியவர்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் கிள்ளானுக்கும் சிதறிப் போனார்கள். புதிதாகக் குடிவந்தவருக்குத் தன் வீட்டு முன்முற்றம் ஒரு காலத்தில் பெரட்டுக் களமாக இருந்தது தெரிய வழியில்லை. விடியுமுன் அங்கே பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து, வராதவருக்கு அன்றைய கூலியை வெட்டினார்கள்.

மிஞ்சியவை இரண்டு, கோயிலும் பள்ளியும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பல இடங்களில் அது கோயிலை ஒட்டிய கொட்டகையாகவும், தோட்டக் கணக்கரான கிராணியே வாத்தியாராகவும் அமைந்தது என்பது வேறு கதை. ஆனால் அந்தப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு இன்று பெரிய ஆவணம். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், தோட்டத்தின் எந்த டிவிஷன், எப்போது வேறு தோட்டத்துக்கு மாறினார்கள் என எல்லாம் ஒரே வரியில் இருக்கும். கோயில் திருவிழா நோட்டீஸும் அப்படியே. மடித்து மடித்துக் கிழிந்த அந்த மஞ்சள் தாளில் தலைவர், பொருளாளர், ஒவ்வொரு நாள் உபயக்காரர், சில வேளை கொடுத்த தொகைகூட அச்சாகியிருக்கும். யாருக்கு முதல் மரியாதை, யாருடைய பெயர் கடைசியில், ‘ஸ்டோர் தொழிலாளர்கள்’, ‘வெளிக்காட்டுத் தொழிலாளர்கள்’ என்று யாரைப் பெயரில்லாமல் சேர்த்துப் போட்டார்கள் என்பதையெல்லாம் அந்தத் தாள் சொல்லிவிடுகிறது. கோயில் இடம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான்.

தோட்டத்து மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. தோட்டம் கைமாறிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் ஒன்றுகூடல் நடத்துகிறார்கள். மண்டபம், ஒரே நிற டி-சட்டை, பழைய வாத்தியாருக்குப் பொன்னாடை, சாப்பாடு. நல்ல காரியம். ஆனாலும் கொண்டாட்டம் மட்டும் வரலாறாகாது. மேடையில் பேசிய நினைவுகளை ஒருவர் பதிவு செய்து, பெயரும் ஆண்டும் தோட்டமும் குறித்து வைத்தால்தான் அது வரலாறு. அடுத்த ஒன்றுகூடலுக்கு வருபவர்களிடம் கட்டணத்தோடு ஒரு பழைய படமும் கேட்கலாம்.

இனிப்பான நினைவுகளை மட்டும் சேர்ப்பதும் சரியில்லை. கள்ளுக்கடையில் கரைந்த சம்பளமும், சில தோட்டங்களில் சாதி பார்த்துப் பிரித்த லயமும், கங்காணியிடம் பட்ட கடனும் இந்த வரலாற்றில் உண்டு. 1941இல் கிள்ளானில் தொடங்கி சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டதும் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பவையும் இருந்தன. தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஐந்து பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். அடுத்து வந்த ஜப்பானியர் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்து சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். திரும்பாதவர்களைப் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்களும் குடும்பத்துப் பேச்சும்தான். அந்தத் தலைமுறையில் எஞ்சியிருப்பவர்கள் மிகச் சிலர்.

இந்த வரலாற்றைக் காப்பது ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கையில் கம்பளைக்கு அருகே 2007இல் ஒரு பழைய லயன் அறையையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிவிட்டார்கள். ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய மொரீஷியஸின் அப்ரவாசி காட் துறை 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. நம் தோட்டங்கள் பலவற்றை நடத்திய ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு கம்பெனியின் ஏடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பெனி தன் பங்கைக் காப்பாற்றிக்கொண்டது.

தோட்ட நிலத்தைக் கூறுபோட்டு விற்க எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதலும், வீடமைப்பு நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அந்த இடத்திலேயே நிபந்தனை வைக்கலாம். லயம் இடிபடுமுன் மேம்பாட்டாளர் செலவில் படமும் வரைபடமும் எடுக்கப்பட வேண்டும். செக்ரோல், மருந்தகப் பதிவேடு, மயானக் குறிப்பு ஆகியவை தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். புதிய சாலைகளுக்கும் பூங்காவுக்கும் பழைய தோட்டப் பெயர், டிவிஷன் பெயர் இட வேண்டும். புக்கிட் மெலாவாத்தியிலுள்ள மாவட்ட வரலாற்று அருங்காட்சியகத்தில் தோட்ட மக்களுக்கென நிரந்தரமான ஒரு கூடம் வேண்டும். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. பெரிய பணம் கேட்கும் ஒரே திட்டம், ஒரு பழைய லயத்தை அப்படியே காப்பது. அதையும் செம்பனையில் நூறாண்டு லாபம் கண்ட தொழில் ஏற்பதே முறை.

சிவப்பு அடையாள அட்டையோடு இன்னும் குடியுரிமைக்கு அலையும் முதியவர்களுக்கு இந்தத் தோட்ட, பள்ளிப் பதிவேடுகள் சான்றாகவும் ஆகலாம். எனவே அரசுக்காகக் காத்திராமல், பள்ளி வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் தங்கள் அலமாரியில் உள்ள பதிவேடுகளையும் நோட்டீஸ்களையும் இந்த ஆண்டே கைப்பேசியிலாவது படமெடுத்து, ஒரு பிரதியை ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும்.