பசித்த வயிற்றோடு மலை ஏறாதீர்கள்



பயணம் போகும்போது எம்மில் பலர் சாப்பிடுவதில்லை. விடிய நான்கு மணிக்கு ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினால், போய்ச் சேரும் வரை வெறும் வயிறுதான். பிள்ளைகளுக்குப் பணிஸ் வாங்கிக் கொடுப்போம். எமக்கு வேண்டாம் என்போம். இதற்குக் காசு மட்டும் காரணமல்ல. தனியாகக் கடைக்குள் போய் இருந்தால் யார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒன்று. தண்ணீர் குடித்தால் மலசலகூடம் தேட வேண்டுமே என்ற பயம் இன்னொன்று. புருசன் இல்லாதவள் கடையில் இருந்து சாப்பிடுகிறாள் என்று ஊரில் கதை வரும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வயிற்றெரிவும் தலைச்சுற்றும் எம் போன்ற பெண்களுக்கு வீட்டிலேயே போதியளவு இருக்கிறது. அதைப் பயணத்தில் வேறு வளர்க்க வேண்டாம். சாப்பிடுவது குற்றமல்ல. எங்கே, எப்படிச் சாப்பிடுவது என்று தெரிந்திருந்தால் கூச்சமும் பாதி குறைந்துவிடும். இந்த மாதம் திம்புள்ளப் பக்கம் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வன்னியில் இருக்கும் எம்மில் பலருக்கு அந்தப் பக்கம் சொந்தம் உண்டு. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களால் மலையகத்தை விட்டு வந்து கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எம்மிடையே இருக்கிறார்கள். யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு, பல வருடங்களாகக் காணாத பெரியம்மாவையும் மாமாவையும் தேடிப் போய்வரத் தொடங்கினோம். கலியாணம், செத்தவீடு, கோவில் திருவிழா என்று அந்தப் போக்குவரத்து இன்றும் இருக்கிறது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய்மாரும் இருக்கிறார்கள்.

போகும் வழியில்

ஏ-9 வீதியால் போகிறவர்களுக்கு முறிகண்டிப் பிள்ளையாரைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ் நிற்கும்போது அங்கே ஒரு பை கச்சான் வாங்கி வையுங்கள். விலை அதிகமில்லை, பழுதாகாது, பசியைத் தாங்கும்.

வடக்கில் இருந்து புறப்படும் முன் நல்ல சாப்பாடு வேண்டுமானால் என்னுடைய முதல் தெரிவு 'அம்மாச்சி' உணவகம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் திருநெல்வேலி போன்ற இடங்களில் தொடங்கப்பட்டவை இவை. சமைப்பவர்களும் பரிமாறுபவர்களும் பெண்கள். குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. தோசை, குரக்கன் ரொட்டி, கீரை சேர்த்த பண்டங்கள், இலைக்கஞ்சி என்று எமக்குப் பழக்கமான சாப்பாடு, கண் முன்னாலேயே சுட்டுத் தருவார்கள். அங்கே தனியாக இருந்து சாப்பிடும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாம் கொடுக்கும் காசும் இன்னொரு பெண்ணின் வீட்டு அடுப்புக்குப் போகிறது.

தெற்கிலும் இதே மாதிரி விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' கடைகள் இருக்கின்றன. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் ஒன்று உண்டு. அங்கேயும் பெண்கள்தான். மொழி தெரியாவிட்டாலும் பண்டத்தைக் கை காட்டிக் கேட்டால் போதும். கண்டியில் இறங்கி நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

கண்டியில் இருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக பஸ் ஹட்டனுக்கு ஏறும். முழுவதும் வளைவுதான். வயிறு முட்டச் சாப்பிட்டாலும் சத்தி வரும், வெறும் வயிற்றோடு போனாலும் சத்தி வரும். கண்டியில் இரண்டு இடியப்பமோ ஒரு தோசையோ சாப்பிட்டு, இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஏறுவது என் வழக்கம்.

புகையிரதத்தில் போக விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மலையகப் புகையிரதப் பாதையும் வீதிகளும் பல இடங்களில் மண்சரிவால் உடைந்தன. எந்த ரயில் எதுவரை போகிறது என்று நிலையத்தில் கேட்டறிந்து புறப்படுங்கள். ரயில் வழியில் வடையும் கடலையும் கூடைகளில் வரும். சூடாக இருந்தால் வாங்குங்கள், ஆறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஹட்டன்

1884 இல் ரயில் வந்த பிறகு வளர்ந்த நகரம் ஹட்டன். கடைத்தெரு நீளமானது. சைவக் கடைகளும், முஸ்லிம்களின் கடைகளும், சிங்களவர்களின் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும். புதிதாகப் போகிறவர்கள் மாணிக்கப் பிள்ளையார் கோவிலை விசாரித்து, கும்பிட்டுவிட்டு, சைவக் கடை ஒன்றைக் கேட்டுப் போகலாம். மத்தியானச் சோறு பன்னிரண்டு மணிக்குப் பிறகு சூடாகக் கிடைக்கும். போஞ்சி, லீக்ஸ், கோவா, கரட் எல்லாம் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து வருபவை. எங்கள் ஊரில் வாடி வதங்கி வந்து சேரும் மரக்கறியின் உண்மையான சுவையை அங்கே அறியலாம்.

தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் இருந்ததும், கேளாமலே ஒரு தட்டில் வடை, ரோல்ஸ், பணிஸ் என்று எட்டுப் பத்தைக் கொண்டு வந்து வைப்பார்கள். முழுவதுக்கும் காசு கொடுக்க வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள். ஆனால் அந்தத் தட்டு பல மேசை சுற்றி வருவது. எனவே நான் அதைத் தொடுவதில்லை. "சூடா ரெண்டு வடை குடுங்க" என்று தனியாகக் கேட்பேன். கொடுப்பார்கள்.

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். அப்போது ஹட்டனில் இரவு பகலாகச் சனம். மலை ஏறுகிறவர்கள் நல்லதண்ணியில் இருந்து போகும் பாதையில் இரவிலும் தேநீர்க் கடைகள் இருக்கும். மேலே போகப் போகப் பொருட்களைத் தோளில் சுமந்துதான் கொண்டு போகிறார்கள், ஆகவே விலையும் ஏறும். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால், கடையில் சுடுதேநீர் மட்டும் வாங்கலாம்.

கொட்டகலை முதல் தலவாக்கலை வரை

இதுதான் திம்புள்ளயின் நடுப்பகுதி. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும். அந்த மாதங்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் உலகச் சந்தையில் பெரிய பெயர். நல்ல தேயிலை கப்பலேறிவிடும். பறித்தவளின் வீட்டில் கொதிப்பது பெரும்பாலும் தூள்தான்.

பத்தனைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் டெவோன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகள் வீதியில் இருந்தே தெரியும். 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்கு நீரைத் திருப்பியதால் சென்கிளேயரில் முந்திய வெள்ளம் இல்லை. அதற்கு அருகே கோட்டை வடிவில் 'டீ காசல்' என்ற பெரிய தேநீர் நிலையம் இருக்கிறது. உல்லாசப் பயணிகளுக்கான இடம். சாதாரண கடையை விட விலை கூட. ஆனாலும் வான் பிடித்துக் குடும்பமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கூச்சப்படாமல் போய் ஆளுக்கொரு தேநீர் குடித்து, மலசலகூடத்தையும் பாவித்துவிட்டு வாருங்கள். எங்கள் ஆட்கள் பறித்த கொழுந்தை நாமும் ஒருநாள் நல்ல கோப்பையில் குடிக்கலாம்தானே.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு என் தெரிவு வேறு. அந்த வீதியோரம் தகரக் கூரை போட்ட சின்ன ரொட்டிக் கடைகள் இருக்கின்றன. பலவற்றைப் பெண்கள் நடத்துகிறார்கள். நான் வழமையாக இறங்கும் ஒரு கடையில், இரும்புத் தட்டில் தேங்காய் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலும் இஞ்சி போட்ட சாயத்தண்ணியும் கொடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பிளேன்டீக்கு அங்கே சாயத்தண்ணி என்று பெயர். சீனியைக் கையில் தருவார்கள், நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும்.

முதல் தடவை போனபோது, "வாங்கக்கா, ஒக்காருங்க, ரொட்டி சூடா இருக்கு" என்றாள் கடைக்காரப் பெண்.

"முதல் விலையைச் சொல்லுங்கோ தங்கச்சி" என்றேன்.

அவள் சிரித்தாள். "வெலையக் கேட்டுட்டு சாப்புடுற ஆளுதான்க்கா மறுபடியும் வருவாங்க. கேக்காம சாப்புட்டவங்க மனசுக்குள்ள ஏசிக்கிட்டே போயிருவாங்க" என்றாள்.

இருபது வருடம் கொழுந்து பறித்தவள். தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் கூட்டப்பட்டது. ஆனால் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான். முதுகு வலி வந்த பிறகு அவளுக்கு அரைப்பேர் நாட்களே கூடின. நுண்கடன் வாங்கியவர்கள் படும் பாட்டைப் பார்த்திருந்ததால் கடன் எடுக்காமல், சீட்டுக் காசில் ஒரு தட்டும் கேத்திலும் வாங்கிக் கடை போட்டாள். விறகுக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரமும், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் வரும் நேரமும்தான் வியாபாரம். இடைநேரத்தில் அடுப்பை அணைத்து விடுவாள். "ரெண்டே சாமான். ரெண்டும் சூடு. வேற எதுவும் வைக்கிறதில்ல" என்பது அவளுடைய கணக்கு. மிச்சம் வந்து கொட்டினால் அன்றைய இலாபம் போய்விடும் என்பதை அவளுக்கு யாரும் பயிற்சிப் பட்டறை வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எம்மில் பலர் வாழ்வாதார உதவி என்று கிடைத்த சிறு தொகையில் உணவுக் கடை போட்டு, பத்து வகைப் பலகாரம் அடுக்கி, ஆறு மாதத்தில் மூடியிருக்கிறோம். அந்தத் தங்கச்சியின் இரண்டு சாமான் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

கடையை எப்படித் தெரிவது?

நான் பார்ப்பவை இவை:

• உள்ளே பெண்களோ குடும்பங்களோ இருக்கிறார்களா? ஆண்கள் மட்டும் இருந்து சிகரெட் புகைக்கும் கடையை விட்டு அடுத்ததுக்குப் போவேன். மலையக நகரங்களில் சாராயக் கடையை ஒட்டிய சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. பின்னேரத்துக்குப் பிறகு அவை வேண்டாம்.

• கை கழுவும் இடம் எப்படி? அது ஊத்தையாக இருந்தால் குசினியைப் பார்க்கத் தேவையில்லை.

• விலைப்பட்டியல் இருக்கிறதா? விலையைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் கடமை. அதிகம் எடுத்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

• மலசலகூடம் உண்டா என்று இருக்க முன்னரே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. இல்லாவிட்டால் புகையிரத நிலையத்திலோ பெரிய கோவிலிலோ விசாரிக்கலாம்.

• யாராவது தொந்தரவு செய்தால் சத்தமாகச் சொல்லுங்கள், காசாளரிடம் போய் நில்லுங்கள். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

ஏப்ரல் மாதம் நுவரெலியா வசந்தகாலம். அறை வாடகையோடு சாப்பாட்டு விலையும் ஏறும். சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு மாதத்தில் போங்கள்.

லயத்து வீட்டில்

எந்தக் கடையை விடவும் நல்ல சாப்பாடு சொந்தக்காரரின் லயத்து வீட்டில்தான் கிடைக்கும். ஆனால் நாம் நான்கு பேர் திடீரென்று போய் இறங்கினால், அவர்கள் கடைக்காரரிடம் கொப்பியில் எழுதி அரிசி வாங்க வேண்டி வரலாம். முகத்தில் காட்டமாட்டார்கள். ஆகவே முன்கூட்டியே சொல்லிப் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பனங்கிழங்கு, ஒடியல், மோர்மிளகாய், வடகம், காலத்தில் மாம்பழம் எல்லாம் அங்கே பெரிய சந்தோசம். இரண்டு கிலோ அரிசியும் ஒரு பைக்கற் கருவாடும் சேர்த்துக் கொண்டு போனால் குசினியில் நிற்பவளுக்கு ஆறுதல். திரும்பும்போது அவர்கள் லீக்ஸும் கரட்டும் கட்டித் தராமல் விடமாட்டார்கள்.

தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா நாளில் போக நேர்ந்தால் அன்னதானத்தில் இருந்து சாப்பிடுங்கள். அங்கே யாரும் யாரென்று கேட்பதில்லை.

அடுத்த பயணத்துக்குக் காசு ஒதுக்கும்போது பஸ் காசுக்குப் பக்கத்தில் உங்களுடைய சாப்பாட்டுக் காசையும் ஒரு முடிச்சாக முடிந்து வையுங்கள். அது பிள்ளையின் பணிஸுக்கு வைத்த காசு அல்ல, உங்களுக்கு வைத்த காசு. நீங்கள் போகும் வழிகளில் பெண்கள் நடத்தும் நல்ல கடைகள் இருந்தால், ஊரையும் சந்தியையும் குறித்து எமக்கு எழுதி அனுப்புங்கள். மற்றச் சகோதரிகளுக்கும் பயன்படும்.