பெயருக்குள் ஒரு குன்று



1660இல் நம் மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில் தகப்பனின் கப்பலோடு வந்து கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1679இல்தான் தப்பினார். 'நொக்ஸ்' என்பது குன்றைக் குறித்த பழஞ்சொல். குன்றருகே குடியிருந்தோருக்கு அதுவே குடும்பப் பெயரானது. அவர்கள் ஸ்கொட்லாந்திலிருந்து அயர்லாந்து, அமெரிக்கா என்று போனபோது அந்தக் குன்றும் பெயரோடு போனது.

நமக்கோ முதலெழுத்தில் தகப்பன், பிறகு கணவன். 2006இல் சம்பூரைவிட்டு இடம்பெயர்ந்த சகோதரிகளின் பெயரில் சம்பூர் இல்லை. படிவங்கள் நிரப்பிக்கொடுக்கும்போது நான் காண்பது, ஊரைச் சொல்லப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமே மிஞ்சுகிறது. தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். அம்மம்மாவின் பெயரையும் ஊரையும் பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவையுங்கள்.