டப்பாவை விடுவோம், தட்டைக் காப்போம்



நம் தீவுத் தமிழர் வீடுகள் பலவற்றில் இப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. வாதி, வீட்டுப் பிள்ளைகள். பிரதிவாதி, அப்பா சேர்த்து வைத்த பாட்டு சி.டி.க்கள். "எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கிறது. இரண்டு அறை குவார்ட்டர்ஸில் இந்த டப்பாக்களை எங்கே வைப்பது?" என்பது குற்றச்சாட்டு. மாற்றல் உத்தரவு வந்து வீட்டைக் காலி செய்யும் நாளில் தீர்ப்பும் வந்துவிடுகிறது. தட்டுகள் பழைய சாமான்காரரிடம் போய்ச் சேர்கின்றன.

நான் டிப்ளமா படித்து ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயிலே இல்லாத ஊரில் மகன் வீட்டோடு வந்து குடியிருக்கும் ரயில்வேக்காரன். என்னிடம் 800 சி.டி.க்கள் உள்ளன. இந்த வழக்கில் பிரதிவாதிக்காகச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சி.டி.யின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதன் பிளாஸ்டிக் டப்பாவின் கனமோ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். டப்பாவோடு 800 சி.டி.க்களை அடுக்க எட்டு மீட்டருக்கு மேல் அலமாரித் தட்டு வேண்டும். தட்டையும், உள்ளே வரும் சிறு புத்தகத்தையும், பின்பக்க அட்டையையும் மட்டும் எடுத்து ஓர் உறையில் போட்டால், ஒரு சென்டிமீட்டரில் மூன்று அடங்கும். எட்டு மீட்டர் மூன்று மீட்டருக்கும் கீழே வந்துவிடுகிறது. ஆகவே நம் வீட்டில் இடத்தை அடைப்பது சங்கீதம் அல்ல, காற்றை அடைத்து வைத்திருக்கும் டப்பாதான்.

ஆனால் இடத்தைச் சுருக்கினால் மட்டும் போதாது. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சுவர் வியர்க்கிறது, தோல் செருப்பு பூசணம் பூக்கிறது. சி.டி.யில் இசையைத் தாங்கியிருப்பது மிக மெல்லிய அலுமினியப் படலம். ஈரம் விளிம்பு வழியாக நுழைந்தால் அது அரிக்கும். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில், நம்மூரைப் போன்ற புழுக்கத்தில் இருந்த ஒரு சி.டி.யைப் பூஞ்சையே தின்றிருந்ததை 2001-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். எனவே பரணும், வெளிச்சுவரை ஒட்டிய மர அலமாரியும் இங்கே உதவா. நிலம் நடுங்கும் ஊரில் உயரத்தில் பாரம் ஏற்றுவதும் நல்லதல்ல.

நான் செய்திருப்பது இதுதான். மூடியில் ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று. உள்ளளவு நீளம் 45, அகலம் 30, உயரம் 15 சென்டிமீட்டர். ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக, தட்டுகள் நிமிர்ந்து நிற்கும்படி, 270 வரை கொள்ளும். மூன்றும் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் ஒரே கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துணிப்பையில் சிலிக்கா ஜெல் உண்டு. நிறம் மாறினால் அதை எடுத்து, இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். உறை வாங்கும்போது பி.வி.சி. வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. உறை நாளடைவில் தட்டோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். மழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்களில் அடுக்குங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் பெட்டியே பகையாகிவிடும்.

அடுத்தது, தேடி எடுக்கும் வழி. பலர் ராகம், பாடகர், படம் என்று பிரித்து அடுக்குவார்கள். புதிதாக ஒன்று வந்தால் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். எங்கள் பணிமனை ஸ்டோர்ஸில் ஆயிரக்கணக்கான உதிரி பாகங்களை இப்படியா வைத்தோம்? பொருளுக்கு ஓர் இட எண், தேடுவதற்கு ஒரு பேரேடு, அவ்வளவுதான். உறையின் மேல் 1, 2, 3 என்று வரிசை எண் எழுதுங்கள். தட்டின் மேல் எழுதவோ காகிதம் ஒட்டவோ வேண்டாம், அலுமினியப் படலம் அந்தப் பக்கத்து மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. ராகமும் பாடகரும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். புதிது வந்தால் கடைசி எண்.

பிள்ளைகள் கேட்கும் வசதியையும் மறுக்க வேண்டாம். தரம் குறையாத ஃபிளாக் முறையில் நகலெடுத்தால் அளவு ஏறத்தாழப் பாதியாகும். என் 800 தட்டுகளும் 500 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அடங்கின. இன்னொரு நகல் சென்னையில் உறவினர் வீட்டில் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்த தட்டுகளுக்கு ஆயுள் குறைவு, அவற்றை முதலில் நகலெடுங்கள். நகல் நம் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. பிறருக்கு விநியோகிப்பது முறையல்ல.

"நகல் இருக்கும்போது தட்டு எதற்கு?" என்று கேட்கலாம். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடும் என்பது ஒரு காரணம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில்தான் இங்கே வந்தது, அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பி நாம் பட்ட பாட்டை மறக்க முடியாது என்பது இன்னொன்று. எனக்குப் பெரிய காரணம் அந்தச் சிறு புத்தகம். மிருதங்கம் யார், வயலின் யார், பாடலை இயற்றியவர் யார் என்று அது சொல்கிறது. போனில் பெரும்பாலும் பாட்டின் பெயரும் பாடகர் பெயரும்தான் வருகின்றன. சில புத்தகங்களில் பாடல் வரிகளே தமிழில் அச்சாகியிருக்கும். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க இதைவிட இனிய பாடம் ஏது? காது கேட்பதைக் கண் படிக்கிறது. என் பேத்தி அப்படித்தான் "ழ"வைப் பிடித்தாள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் வீடுகளில் உள்ள தட்டுகளின் பட்டியலை ஒரே பேரேட்டில் தொகுக்கலாம். எவர் வீட்டில் எது உள்ளது என்று தெரிந்தால், போய் உட்கார்ந்து கேட்கலாம். மாற்றலாகிப் போகிறவர்கள் எறிய நினைப்பதைச் சங்க நூலகம் கேட்டு வாங்கி வைக்கலாம். அதற்கு ஆகும் இடம் ஒரு கட்டிலின் அடிப்பாகம்தான். சங்க நிர்வாகிகள் வரும் உலர் பருவத்துக்குள் இதற்கு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.