"விட ஏலாதா?" என்று கேட்பதற்கு முன்: சிகரட்டை நிறுத்த மருந்தும் கைபேசியும்

கடந்த ரமழானில் ஒரு நாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு இஃப்தாருக்கு வந்திருந்தார். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், அரைக் கோப்பை கஞ்சி. அதற்குள் எழுந்து கேற்றுக்கு வெளியே போய்விட்டார். மஃரிப் தொழுகைக்கு ஸஃப்பில் பக்கத்தில் நின்றபோது அவரது சட்டையில் சிகரட் வாடை.

பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அல்லாஹ்வுக்காகத் தண்ணீரைக்கூடத் தொடாமல் இருந்த மனிதர் அவர். அவரை மனவுறுதி இல்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் நான் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பத்து வருடமாக. "நான் விட்டேன்தானே மச்சான், உங்களுக்கு மட்டும் ஏன் ஏலாது?" என்பதே எனது வழமையான கேள்வி.

நானும் ஒரு காலத்தில் புகைத்தவன்தான். ஆசிரியர் கலாசாலை விடுதியில், இரவில் நண்பர்களோடு இரண்டு, மூன்று சிகரட்டுகள். பயிற்சி முடிந்து ஊருக்கு வந்து கலியாணம் பேசியபோது விட்டுவிட்டேன். பெரிதாகக் கஷ்டம் தெரியவில்லை. அதை எனது ஈமானின் பலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மச்சானின் கதை வேறு. அவர் லொறி ஓட்டுபவர். கலகெதரயிலிருந்து குருநாகல், தம்புள்ளை என்று ஓடும் அவருக்கு நாளைக்குப் பதினைந்து சிகரட். சுபஹுக்கு எழுந்து முகம் கழுவுவதற்கு முன்பே முதலாவது.

வைத்தியர்கள் ஒருவரது நிகொடின் அடிமைத்தனத்தை அளக்கக் கேட்கும் முக்கியமான கேள்வியே அதுதான்: தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரட்? அரை மணித்தியாலத்துக்குள் என்றால் உடல் கடுமையாகப் பழகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு இருந்தது ஒரு பழக்கம். அவருக்கு இருந்தது ஒரு நோய். இரண்டையும் ஒரே தராசில் வைத்து அவரை நான் எடைபோட்டிருக்கிறேன்.

இதை இங்கு எழுதக் காரணம், எமது ஊர்களில் புகைத்தல் பற்றிய பேச்சு இன்றும் இந்த இடத்திலேயே நிற்பதுதான். குத்பாவில் கண்டிக்கிறோம். பாடசாலையில் போஸ்டர் ஒட்டுகிறோம். விட விரும்பும் ஒரு நடுத்தர வயது மனிதருக்கு, "இந்தா, இதைப் பிடி" என்று கையில் கொடுக்க எம்மிடம் எதுவும் இல்லை.

ஒரே நோய், இரண்டு முகங்கள்

புகையை இழுத்த சில வினாடிகளில் நிகொடின் மூளையைத் தொடுகிறது. நாளடைவில் மூளை அதைக் கேட்டு வாங்கத் தொடங்குகிறது. கிடைக்காவிட்டால் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், பசி. முதல் இரண்டு, மூன்று நாட்களில் இது உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் படிப்படியாகத் தணிகிறது. இது உடலின் பக்கம்.

மற்றது பழக்கத்தின் பக்கம். பிளேன்டீ குடித்தவுடன், ஸ்டியரிங்கில் கை வைத்தவுடன், தராவீஹ் முடிந்து வெளியே வந்தவுடன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். அந்த ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். அந்தச் சில நிமிடங்களைத் தாண்டத்தான் ஒரு துணை வேண்டும்.

உடலின் பக்கத்துக்கு மருந்து இருக்கிறது. தோலில் ஒட்டும் நிகொடின் பட்டி நாள் முழுவதும் சிறிது சிறிதாக நிகொடினைக் கொடுக்கும். திடீரென்று எழும் ஆசைக்கு நிகொடின் சூயிங்கம். இரண்டையும் சேர்த்துப் பாவிப்பவர் விடுவதில் வெற்றிபெறும் வாய்ப்பு, ஒன்றை மட்டும் பாவிப்பவரைவிடச் சுமார் கால்வாசி அதிகம் என்று 2019இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டியது. பல வாரங்களில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிட வேண்டும்.

"நிகொடினுக்குப் பதில் நிகொடினா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அடிமையாக்குவது நிகொடின்; ஆனால் புற்றுநோயையும் மாரடைப்பையும் பிரதானமாகக் கொண்டுவருவது புகையில் உள்ள தாரும் காபன் மொனொக்சைட்டும் ஆயிரக்கணக்கான மற்ற இரசாயனங்களும். பட்டியில் புகை இல்லை. உலக சுகாதார ஸ்தாபனம் 2009ஆம் ஆண்டிலேயே நிகொடின் மாற்று மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

பழக்கத்தின் பக்கத்துக்குக் கைபேசி உதவலாம். 2024 ஜூலையில் உலக சுகாதார ஸ்தாபனம், வயது வந்தோர் புகையிலையை விடுவதற்கான தனது முதலாவது சிகிச்சை வழிகாட்டலை வெளியிட்டது. அது மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறது. அவற்றுக்குத் துணையாகக் குறுஞ்செய்தி, செயலி போன்றவற்றையும் பாவிக்கலாம் என்கிறது. துணையாக என்ற சொல்லைக் கவனியுங்கள்.

செயலி மந்திரம் அல்ல

செயலிகளைப் பற்றி மிகைப்படுத்தக் கூடாது. குறுஞ்செய்தி மூலமான உதவி பயன் தருகிறது என்று ஒரு கொக்ரேன் மீளாய்வு 2019இல் சொன்னபோது, செயலிகள் பற்றி அப்படிச் சொல்ல அன்று போதிய ஆதாரம் இருக்கவில்லை. புகைக்காத நாட்களையும் மிச்சமான பணத்தையும் எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடும் செயலிகளும் உண்டு.

அதற்கு அடுத்த வருடமே நிலைமை சற்றுத் தெளிவானது. அமெரிக்காவில் 2,415 பேரிடம் இரண்டு செயலிகளை ஒப்பிட்டார்கள். ஆசையைத் தவிர்க்கச் சொல்லும் செயலியைப் பாவித்தவர்களில் 12 மாதத்தில் 21 வீதமானோர் விட்டிருந்தார்கள். ஆசையோடு சண்டை பிடிக்காமல், அது வந்து போகும் வரை பொறுத்திருக்கப் பழக்கும் செயலியில் 28 வீதம். நோன்பாளிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பகல் முழுக்க நாம் செய்வது அதைத்தான்.

எமது விடயத்துக்கு இன்னும் நெருக்கமானது ஜப்பானின் அனுபவம். அங்கு 584 பேருக்கு வைத்தியசாலைகளில் மருந்தும் ஆலோசனையும் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு மேலதிகமாக ஒரு சிகிச்சைச் செயலியும், மூச்சில் உள்ள காபன் மொனொக்சைட்டை அளக்கும் சிறு கருவியும். 9ஆம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை தொடர்ந்து புகைக்காமல் இருந்தவர்கள் இவர்களில் 63.9 வீதம், மற்றவர்களில் 50.5 வீதம். 2020இல் ஜப்பான் அந்தச் செயலியை மருத்துவச் சாதனமாக அங்கீகரித்தது. அவர்கள் விடும் எண்ணத்தோடு தாமாகவே வைத்தியரிடம் போனவர்கள். அதே எண்ணிக்கையை எமது ஊரில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மருந்தோடு செயலி சேரும்போது பலன் கூடியது என்பது தெளிவு.

சட்டம் இருக்கிறது, கை கொடுக்க ஆள் எங்கே?

புகையிலைக் கட்டுப்பாட்டில் இலங்கை பின்தங்கிய நாடல்ல. 2003இலேயே புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டோம். 2006இன் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடை செய்கிறது. சிகரட் பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. விட விரும்புவோருக்கு 1948 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. தடுப்பதற்கு இவ்வளவு செய்த நாம், ஏற்கனவே மாட்டிக்கொண்டவரை வெளியே எடுப்பதில் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. அந்தச் சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, விடுவதற்குச் சிகிச்சை கொடுப்பதையும் அரசின் கடமையாகவே சொல்கிறது.

மச்சானுக்காகக் கண்டி நகரில் மூன்று மருந்தகங்களில் ஏறி இறங்கினேன். ஒன்றில் சூயிங்கம் இருந்தது. பட்டி நான் கேட்ட எந்த இடத்திலும் இல்லை. கடைசியில், கத்தாரில் வேலை செய்யும் அவரது மகன் லீவில் வரும்போது கொண்டுவந்தார். ஒரு வைத்தியரிடம் காட்டி, எந்த அளவில் தொடங்குவது என்று கேட்டே ஆரம்பித்தோம். கத்தாரில் மகன் இல்லாத லொறி ஓட்டுநர் என்ன செய்வார்?

செலவு அதிகம் என்று சொல்பவர்கள் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு சிகரட் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு 15 என்றால் மாதம் 45,000 ரூபாய். எத்தனை வீடுகளில் இது பிள்ளையின் வகுப்புக் கட்டணம், உம்மாவின் மருந்துச் செலவு! மருந்து சில வாரங்களுக்கு. சிகரட் ஆயுள் முழுக்க.

நோன்பில் பட்டி ஒட்டலாமா என்பது மச்சானின் முதல் கேள்வி. சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997இல் ஜித்தாவில் கூடியபோது, தோலினூடாக உறிஞ்சப்படும் களிம்புகளும் மருந்துப் பட்டிகளும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. சூயிங்கம் அப்படியல்ல, அது இஃப்தாருக்குப் பிறகுதான். உங்கள் ஊர் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பூச்சியத்துக்குப் போன எண்

மச்சான் தொடங்கி ஆறாவது வாரம். குருநாகலில் ஒரு ஜனாஸா வீடு. பழைய கூட்டாளிகள் ஒரு சிகரட்டை நீட்டினார்கள். வாங்கிவிட்டார். இரவு செயலியில் உண்மையைப் பதிந்தபோது, 41 என்றிருந்த எண் பூச்சியமானது. எனக்கு அழைப்பு எடுத்தார். "ஏலா மச்சான், எல்லாம் போச்சு. இத அழிச்சிடப் போறன்" என்றார். குரலில் இருந்த வெட்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பத்து வருடமாக எனது கேள்விக்குப் பின்னால் அவர் மறைத்து வைத்திருந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாற்பத்தொரு நாளில் ஒரு சிகரட். முன்பு அதே நாட்களில் அறுநூறுக்கு மேல். அதைத்தான் அவரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் புதிய பட்டியை ஒட்டிக்கொண்டார். இப்போது பட்டியும் இல்லாமல் ஏழாவது மாதம். செயலிக்கு வெற்றியையும் தோல்வியையும் எண்ணத் தெரியும். தடுமாறியவரைத் திரும்ப அழைத்துவர ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை சில. ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்கள் 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் இருக்கின்றன. இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கும் அதே இடத்தில், புகைப்பவருக்கு நிகொடின் பட்டியும் சூயிங்கமும் இலவசமாகவோ சகாய விலையிலோ கிடைக்கச் சுகாதார அமைச்சு வழிசெய்ய வேண்டும். எமது கண்டி மாவட்டத்துப் பள்ளிவாசல் நிர்வாகங்கள், ரமழானுக்கு ஒரு மாதம் முன்னரே ஒரு வைத்தியரை அழைத்து, விட விரும்புவோரின் பெயர்களை இரகசியமாக எடுக்கலாம். மச்சானின் செயலி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அவருக்கு அதை வாசித்துச் சொன்னது பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். எமது பேச்சில், எமது பிளேன்டீ நேரத்துக்கும் தராவீஹ் நேரத்துக்கும் பொருந்தும் செய்திகளை எழுத எம்மைப் போன்ற ஆசிரியர்கள் போதும். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் வேலை நடக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான், ஒரு நானா, ஒரு வாப்பா இருக்கலாம். அடுத்த முறை அவரிடம் "ஏன் விட ஏலாது?" என்று கேட்காதீர்கள். "காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் முதலாவது?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு அவரோடு வைத்தியரிடம் போங்கள்.

வல்ல அல்லாஹ் அவர்களுக்கு இதை இலேசாக்குவானாக.