மாஸ்க் யார் கணக்கில்?

"உங்கட தோட்டத்தில ஆர் தம்பி மாஸ்க் குடுக்கிறது?"

போன மாதக் கடைசியில் கொக்கிளாயில் அத்தான் இப்படிக் கேட்டபோது எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அங்கே கரைவலை இழுக்க வருகிறவர்களுக்கு சம்மாட்டி ஆளுக்கு இரண்டு துணி மாஸ்க் தைப்பித்துக் கொடுத்தாராம். அவர் பெரிய பணக்காரர் இல்லை. ஒரு வலை, ஒரு வாடி, கொஞ்சம் கடன், அவ்வளவுதான். "வலை இழுக்கிறவன் படுத்திட்டா வலை கரைக்கு வராது" என்று அத்தான் சொன்னார்.

தோட்டத்தில் ஒருவரும் கொடுப்பதில்லை என்று கடைசியில் உண்மையைச் சொன்னோம். அவரவர் கடையில் வாங்குகிறார்கள். வாங்க முடியாதவர்கள் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வருகிறார்கள்.

மினுவாங்கொடையில் 2020 ஒக்டோபர் 4ஆம் திகதி தொடங்கிய தொற்று நாடு முழுக்கப் பரவத் தொடங்கியதும், 15ஆம் திகதி சுகாதார அமைச்சு வர்த்தமானி வெளியிட்டது. பொது இடத்தில் முகக்கவசமும் ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் இடைவெளியும் அப்போது கட்டாயமாக்கப்பட்டன. மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றிருந்தது.

இந்த 10,000 ரூபாயை நமது செக்ரோலில் வைத்துப் பாருங்கள். 2020இல் அடிப்படை நாட்சம்பளம் 700. அந்த வருட மார்ச் முதலாம் திகதியில் இருந்து ஆயிரம் என்று அரசாங்கம் சொன்ன பேச்சு அப்போது பேச்சாகவே இருந்தது. 14 நாள் முழுப்பேர் போட்டால் 9,800 ரூபாய். அதற்குப் பிறகும் தண்டத்துக்கு 200 ரூபாய் குறைகிறது. ஜீப்பில் போகிற துரைக்கும் 10,000தான், கூடை சுமக்கிற அம்மாவுக்கும் 10,000தான். சட்டம் எல்லோருக்கும் சமம் என்பது இதுதானாம்.

மாஸ்க் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் போன கமிட்டிக் கூட்டத்தில் நம்மில் பாதிப்பேர் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தோம். ஒரு லயத்து அறையில் ஆறு ஏழு பேர் தூங்குகிறோம். நடுவில் இருப்பது ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகாது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். இந்த நோய் லயத்துக்குள் வந்தால் நிற்காது. கட்டாயம் போடுவோம்.

ஆனால் அந்த வர்த்தமானி ஆட்களுக்கு மட்டும் எழுதப்பட்டது இல்லை. வேலைத்தலத்தை நடத்துகிறவருக்கும் அதில் கடமை இருந்தது. உள்ளே வருகிறவரின் உடல் வெப்பநிலை பார்க்க வேண்டும், கை கழுவ ஏற்பாடு வேண்டும், வந்தவரின் விபரம் பதிய வேண்டும், இடைவெளி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றிருந்தது. நமக்குத் தெரிந்த எத்தனை கொழுந்து மடுவத்தில் சவர்க்காரம் இருக்கிறது? நிறுவைக்கு நிற்கும்போது ஒரு மீற்றர் இடைவெளி எங்கே இருக்கிறது? ஆட்களை லொறியில் நெருக்கி ஏற்றி அடுத்த டிவிஷனுக்கு அனுப்புகிறவர் மீது யார் வழக்குப் போடுவது? சந்தியில் மாஸ்க் இல்லாமல் நிற்கும் நமது பையன் பொலிசின் கண்ணில் படுகிறான், லொறி படுவதில்லை.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. இந்த வர்த்தமானிக்கு அடியில் கிடப்பது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டம். நமது பாட்டன் பூட்டன்மார் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். நோய் என்றால் கூலியைப் பிடித்து அடைப்பது அன்றைய வழக்கம். அந்தக் கூலி போய்ச் சேர்ந்த லயத்தில் தண்ணீர் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவின் மாமியார் வேறொன்று சொன்னார். 1984 முடிவில் ஊரை விட்டு விரட்டப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகே கொக்கிளாய்க்குத் திரும்பியவர் அவர். முகத்தை மூடிக்கொண்டு யாராவது வந்தால் இன்றும் அவருக்கு நெஞ்சு பதறுகிறது. சுற்றிவளைப்பில் சாக்கு மூடிய தலையாட்டி முன்னால் வரிசையில் நின்ற தலைமுறை அது. 2019 ஏப்ரல் 29ஆம் திகதி, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முகத்தை மூடுவதே குற்றம் என்று அவசரகால விதி வந்தது. முஸ்லிம் சகோதரிகள் வெளியே போகப் பயந்து வீட்டில் இருந்தார்கள். 18 மாதம் போவதற்குள் மூடாவிட்டால் குற்றம் என்று ஆனது. முந்தியதற்குக் காரணம் வேறு, இதற்குக் காரணம் வேறு, அது தெரியும். ஆனால் இரண்டு தடவையும் யாருக்கும் விளங்கப்படுத்தவில்லை, நேரே தண்டனையைச் சொன்னார்கள். சனத்துக்கு விளங்காத விதியை சனம் பொலிசுக்காகத்தான் போடும், நோய்க்காகப் போடாது. பொலிஸ் போனதும் மாஸ்க் தாடைக்கு இறங்கும்.

மலையில் ஏறி இறங்கும்போது, அதுவும் மழையில், மாஸ்க் நனைந்து மூச்சு முட்டுகிறது என்று பெண்கள் சொல்வது உண்மை. நனைந்ததை மாற்ற வேண்டும் என்றுதான் உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. துணி மாஸ்க் மூன்று மடிப்பாக இருக்க வேண்டும் என்று 2020 ஜூன் மாதம் சொன்னதும் அவர்கள்தான். அப்படியானால் ஒருவருக்கு ஒன்று போதாது. காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று, துவைத்துக் காயப்போட ஒன்று என்று மூன்று வேண்டும். கூடையும் கவ்வாத்துக் கத்தியும் எப்படியோ, இதுவும் அப்படி வேலைச் சாமான்தான்.

2020 நவம்பர் 14ஆம் திகதி தீபாவளி. கொழும்பில் வேலை செய்யும் நமது பிள்ளைகளில் சிலர் ஊரடங்குக்கு முன்பே வந்துவிட்டார்கள், சிலர் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வந்தவர்களைக் கண்டு கதவைச் சாத்தாதீர்கள், அவர்கள் அனுப்பிய காசில்தான் பல வீட்டில் அடுப்பு எரிந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டுக்கு அரிசியும் தண்ணீரும் வாசலில் வைக்கிற பொறுப்பைத் தோட்டக் கமிட்டி எடுக்கட்டும்.

ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தலைவியும் தீபாவளிக்கு முன் துரையிடம் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஆளுக்கு மூன்று துணி மாஸ்க், மடுவத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் சவர்க்காரமும் தண்ணீரும், லொறியில் பாதி ஆட்களாக இரண்டு நடை. தைக்கிற வேலையைத் தோட்டத்துப் பெண்களுக்கே கூலிக்குக் கொடுக்கலாம். கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கையொப்பம் வாங்கி வையுங்கள். கையொப்பம் போட மறுத்தால் அந்தத் திகதியையும் நேரத்தையும் குறித்து மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

அத்தானுக்கும் ஒரு பிரதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறோம்.